சிவா வீட்டுப் பச்சை ஸ்டிக்கர்

எங்க சிவா வீட்டுக்குள்ள வெறுங்காலோட போறதுக்குத் தனி தைரியம் வேணும். வாசல்ல செருப்பைக் கழட்டணும், அது வழக்கம், சரி. ஆனா உள்ள முதல் அடி வைக்கும்போதே ஒரு லெகோ கட்டை உள்ளங்கால்ல ஏறும் பாருங்க, உசுரு உச்சந்தலைக்குப் போய்ட்டுத் திரும்பி வரும். "அடியே, இது வீடா, சந்தைக்கடையா?"ன்னு நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கேன். "சந்தையில நடக்கறதுக்கு வழியாவது இருக்கும்க்கா"ன்னு சிரிப்பா. கோவிச்சுக்கவும் மாட்டா, திருந்தவும் மாட்டா.

நான் மங்களம். சிங்கப்பூர்ல டெக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்து பிளாக்குல இருக்கேன். என் வீட்டுக்காரர் பரமசிவம்தான் அவங்க வீட்டுல மூத்தவர். அவரோட தம்பி பிரபாகரைக் கட்டிக்கிட்டவ சிவா, எனக்கு ஓரகத்தி. முழுப்பேரு சிவகாமசுந்தரி. யீஷூன்ல பொறந்து வளர்ந்தவ. பரீட்சையில இவ தாள் மேல பேரை எழுதி முடிக்கறதுக்குள்ள பக்கத்துல இருக்கறவ முதல் கேள்விக்கு விடை எழுதிடுவாளாம். ஓரகத்திங்களுக்குள்ள ஆகாதுன்னு ஊரு சொல்லும். எங்களுக்குள்ள அப்படியெல்லாம் இல்ல. எப்பவாவதுதான்.

மூணாவது புள்ளை பொறக்கற வரைக்கும் அவ ஜூரோங்ல ஒரு பெரிய வேர்ஹவுஸ்ல வேலை பார்த்தா. அங்க பத்தாயிரம் பெட்டி இருந்தாலும், எந்தப் பெட்டி எந்த ரேக்குல எந்தத் தட்டுல இருக்குன்னு கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்லிடுவா. அதே மனுஷி குவீன்ஸ்டவுன் வீட்டுல, பெரியவன் குமரனோட நீலக் காலுறைக்கு ஜோடி தேடி ஒரு வாரமா அலைஞ்சா. கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. குமரனுக்கு ஆறு வயசு, வைஷாலிக்கு நாலு, கடைக்குட்டி சேதுவுக்கு ஒண்ணரை. "பெட்டிக்குக் கால் கிடையாதுக்கா, வச்ச இடத்துல இருக்கும்"னு சொல்வா. நியாயந்தானே.

அந்தக் குப்பையெல்லாம் அவ சேர்த்ததுன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். பாதிக்கு மேல நாங்க கொண்டுபோய்க் கொட்டினது. புள்ளைங்க இருக்கற வீடுதானே, யூஸ் ஆகும்லா, எடுத்துக்கோன்னு ஆளாளுக்குக் குடுத்தோம். ஒரு சக்கரம் இல்லாத தள்ளுவண்டி, மூணு குளியல் தொட்டி, பேட்டரி போட்டாலும் பாடாத பியானோ. நான் மட்டுமே ஆறு பை துணி குடுத்திருக்கேன். என் வீட்டு அலமாரியில இடம் வேணுமே, அதான். அவளுக்கு வேண்டாம்னு சொல்ல வராது. எல்லாத்தையும் பாம் ஷெல்டர்ல திணிப்பா. குண்டு விழுந்தா ஒளிஞ்சுக்கத்தான் அந்த இரும்புக்கதவு அறையை வீட்டுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்காங்க. சிவா வீட்டுல மட்டும், யுத்தம் வந்தா பொம்மைங்க உள்ள பத்திரமா இருக்கும், மனுஷங்க வெளியதான் நிக்கணும்.

இதுக்கு நடுவுல ஒரு சட்டை இருந்துச்சு. அதைப் பத்திச் சொல்லியாகணும்.

எங்க குடும்பத்துல பச்சைக் குழந்தைக்கு முதல்ல புதுத்துணி போட மாட்டாங்க. நோய்நொடி இல்லாம வளர்ந்த ஒரு புள்ளையோட பழந்துணியத்தான் போடணும். அதுக்குன்னே ஒரு சட்டை. வெள்ளைப் பருத்தித் துணி, முன்னாடி நாடா வச்சுக் கட்டறது. என் வீட்டுக்காரர் போட்டது, அப்புறம் பிரபாகர், அப்புறம் அவங்க தங்கச்சி இனியா, அதுக்கப்புறம் எங்க புள்ளைங்க, சிவா புள்ளைங்க. ஆஸ்பத்திரியில போடற துணி கணக்குல சேராது. அங்கேருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது இந்தச் சட்டையைப் போட்டுத்தான் கூட்டிட்டு வரணும். கடைசியா யாருக்குக் குழந்தை பொறந்ததோ அவங்க வீட்டுல சட்டை இருக்கும். அது மாமியார் போட்டுட்டுப் போன சட்டம். அதனால சேது பொறந்ததுலேருந்து அது சிவாகிட்டதான் இருந்துச்சு, ஒரு நீல பிஸ்கட் டின்னுக்குள்ள.

போன ஆகஸ்டுல ஒரு நாள், சேதுவை இடுப்புல வச்சுக்கிட்டு ஃபோனை எடுக்க ஓடினவ, மூணு சக்கர பொம்மை லாரி ஒண்ணு மேல கால வச்சு வழுக்கிட்டா. புள்ளைய மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இவ போய் மேசை விளிம்புல இடிச்சா. தாடையில மூணு தையல். புள்ளைக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா அவன் தலைக்கும் அந்த விளிம்புக்கும் நடுவுல ஒரு விரல்கடை தூரந்தான் இருந்துச்சாம். "தீபாவளிக்குள்ள இந்த வீட்டுல தரை தெரியணும்க்கா, இல்லாட்டி நான் சிவகாமசுந்தரி இல்ல"ன்னா.

அப்பதான் அந்த வேர்ஹவுஸ் மூளை மறுபடி முழிச்சுது. ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்தா. பச்சை ஒட்டினா வீட்டுல இருக்கட்டும், மஞ்சள் ஒட்டினா பிரபாகரைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம், சிவப்பு ஒட்டினா போகட்டும். சேது தூங்கற நேரமெல்லாம் ஸ்டிக்கரும் கையுமா வீடு பூரா சுத்தினா. மூணு வாரம். சிவப்பு ஒட்டின பொருளையெல்லாம் பிரபாகர் பையில கட்டி வச்சான். பிரபாகரோட கூட்டாளி யாக்கூப்னு ஒருத்தர், ஞாயித்துக்கிழமையானா கிராஞ்சியில தங்கியிருக்கற நம்ம ஊர்த் தொழிலாளிங்களுக்குத் துணிமணி கொண்டுபோய்க் குடுப்பார். அவங்க அதைப் பெட்டி கட்டி ஊர்ல இருக்கற புள்ளைங்களுக்கு அனுப்புவாங்க. அவர் லாரியில பதினாலு பை ஏறிச்சு. தீபாவளியன்னிக்கு நான் போறேன், கூடத்துல தரை தெரியுது! டைல்ஸ் சாம்பல் கலர்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வெறுங்காலோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரெண்டு தடவை நடந்து பார்த்தேன்.

நவம்பர்ல இனியா ஃபோன் பண்ணினா.

இனியா எங்க ரெண்டு பேருக்கும் நாத்தனார். எல்லாரும் சொல்ற மாதிரி நாத்தனார் இல்ல, தங்கமான பொண்ணு. அவளுக்கு ரெண்டு தடவை தங்கல. முதல் தடவை ஏழாம் மாசம். அதுக்குள்ள கட்டில், துணி, தொட்டில்னு ஒரு ரூமையே ஜோடிச்சு வச்சிருந்தா. ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வந்து அந்தக் கதவைத் திறந்து பார்த்து அலறினா பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அப்புறம் இன்னொரு தடவை, அஞ்சாம் மாசம். இப்ப மூணாவது. இந்தத் தடவை வீட்டுக்குள்ள ஒரு குழந்தைப் பொருளையும் விடல. டயாபர்கூட வாங்கல. சிவாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "அண்ணி, வியாழக்கிழமை ஆபரேஷன். எல்லாம் நல்லபடியா நடந்தா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு விட்டுடுவாங்க. அந்தச் சட்டைய மட்டும் எடுத்து வைங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

அது திங்கட்கிழமை. ஃபோனை வச்சுட்டு சிவா நேரா அலமாரிக்குப் போயிருக்கா. டின் இல்ல.

எனக்கு ஃபோன் பண்ணி "அக்கா"ன்னா. அதுக்கு மேல அழுகைதான். புள்ளைங்களுக்குத்தான் என்னவோ ஆயிடுச்சுன்னு நினைச்சு, அடுப்புல இருந்த குழம்பை அப்படியே அணைச்சுட்டு டாக்ஸி புடிச்சு ஓடினேன்.

போனா, பாம் ஷெல்டர்லேருந்து அத்தனையும் மறுபடி கூடத்துல கிடக்குது. "நான் டின்னுக்குப் பச்சைதான்க்கா ஒட்டினேன், சத்தியமா பச்சைதான்"னு திருப்பித் திருப்பிச் சொல்றா. அப்ப வைஷாலி தன் கரடி பொம்மையைத் தூக்கிட்டு வந்து நிக்கறா. கரடி உடம்பு பூரா பச்சை ஸ்டிக்கர். நெத்தியில ஒண்ணு, வயித்துல மூணு.

"இது யாரும்மா ஒட்டினது?"ன்னு கேட்டேன்.

"நான்தான் பெரியம்மா. ரெட் ஸ்டிக்கர் போட்டா யாக்கூப் அங்கிள் லாரியில தூக்கிட்டுப் போய்டுவார். அதான் மாத்திட்டேன்." அவ முகத்துல அவ்வளவு பெருமை. தனக்கு வேண்டிய பொம்மை எல்லாத்துலயும் சிவப்பைப் பிச்சு எடுத்துட்டு, தனக்கு வேண்டாததுலேருந்து பச்சையை உரிச்சு ஒட்டியிருக்கா. டின்னுல பிஸ்கட் இல்லையே, அவளுக்கு அது எதுக்கு? அதுல சிவப்பு ஒட்டிட்டா. பிரபாகர் திறந்துகூடப் பார்க்காம பையில போட்டுட்டான். சிவாவைத் தள்ளிவிட்ட அந்த மூணு சக்கர லாரி மட்டும் பச்சை ஸ்டிக்கரோட ராஜா மாதிரி நடுக்கூடத்துல நிக்குது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பேன். சிங்கப்பூர்ல எறிய முடியாது, கேமரா வச்சிருக்காங்க.

யாக்கூப்புக்கு ஃபோன் போட்டோம். பாவம், அவரும் பதறிட்டார். "அடடா, அதெல்லாம் அன்னிக்கே பிரிச்சுக் குடுத்தாச்சு தங்கச்சி. பெட்டி கட்டி அனுப்பியும் வச்சுட்டாங்க. இந்நேரம் எந்தக் கப்பல்ல இருக்கோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

சிவா தரையிலயே உக்காந்துட்டா. "அவ வாயத் திறந்து கேட்டது அது ஒண்ணுதான்க்கா. நான் போய் என்னன்னு சொல்வேன்? ரெண்டு தடவை போயிருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, என்னாலதான்னு என் மனசு என்னைக் கொன்னுடும். பேசாம குப்பையோட குப்பையா இருந்திருக்கலாம். எனக்கு எதுக்கு இந்தச் சுத்தமெல்லாம்?" தாடையில அந்தத் தையல் தழும்பு, அது மேல கண்ணீர். சேது ஒண்ணும் புரியாம அவ மடியில ஏறிக் கண்ணைத் துடைச்சு விடறான்.

பதினஞ்சு வருஷமா நான் யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. சொல்லாம செத்துப் போய்டலாம்னுதான் இருந்தேன். ஆனா அவ அழறதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?

"சிவா, அழாதடி. நீ தொலைச்சது அந்தச் சட்டை இல்ல."

நிமிர்ந்து பார்த்தா.

"அதை நான் எப்பவோ தொலைச்சுட்டேன்."

சொல்லிட்டேன். என் மூத்தவன் பொறந்தப்புறம் சட்டை என்கிட்டதான் இருந்துச்சு. ஒரு தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் பண்றேன் பேர்வழின்னு, பழந்துணிக் குவியல்லேருந்து எதையோ உருவி ஃபேன் துடைச்சேன். ஃபேன், ஜன்னல், அடுப்பு மேடை எல்லாம் துடைச்சு முடிச்சு, கரியும் எண்ணெயுமா குப்பை தள்ளற சூட்டுல போட்டாச்சு. அது பதினோராவது மாடி, அப்படியே கீழ போய்டுச்சு. ரெண்டாவது குழந்தைக்கு வலி எடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி சட்டையைத் தேடறேன், நாடா மட்டும் தனியா அலமாரி மூலையில கிடக்குது. அப்பதான் எந்தத் துணியால ஃபேன் துடைச்சேன்னு புரிஞ்சுது. பக்கத்து வீட்டு கதீஜாகிட்ட போய் அழுதேன். அவ பையன் ஸைஃபுக்கு அப்ப நாலு வயசு, பூசணிக்காய் மாதிரி இருப்பான். அவன் குழந்தையில போட்ட வெள்ளைச் சட்டை ஒண்ணை கதீஜா தேடி எடுத்துக் குடுத்தா. அதுல அந்த நாடாவை வச்சுத் தைச்சேன். என் மக போட்டா. மாமியார் அதைத் தடவிப் பார்த்துட்டு, "அந்தக் காலத்துத் துணின்னா துணிதான், இன்னும் எப்படி இருக்கு பாரு"ன்னாங்க.

சிவா வாயைத் திறந்தது மூடல. "அப்ப என் புள்ளைங்க மூணு பேரும் போட்டது?"

"ஸைஃபோட சட்டை."

"எந்த ஸைஃப்? இப்ப நேஷனல் சர்வீஸ்னு பட்டாளத்துல இருக்கானே, ஆறடி, லிஃப்டுல குனிஞ்சு வருவானே, அவனா?"

"அவனேதான்."

சிவா சிரிக்க ஆரம்பிச்சா. தாடையில தையல் போட்ட இடம் இன்னும் இழுக்குதுன்னு கையால பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. நானும் சிரிச்சேன். ரெண்டு பேரும் சிரிச்சதுல சேது பயந்து அழுதுட்டான். பதினஞ்சு வருஷமா நெஞ்சுல வச்சிருந்த பாறாங்கல்லை எடுத்து அந்தக் குப்பைக்கு நடுவுல வச்சுட்டேன், அப்படி ஒரு நிம்மதி.

"சரி, சேதுவோட பழைய சட்டை ஒண்ணைக் குடு, நாடா வச்சுத் தைச்சுடறேன். எனக்கு அனுபவம் இருக்கு"ன்னேன்.

அவ சிரிப்பு நின்னுச்சு. "வேண்டாம்க்கா. மத்தவங்கன்னா சரி. இனியாகிட்ட என்னால முடியாது. அந்த ரூம் கதவைத் திறந்தப்ப நானும் அவ பக்கத்துலதான் நின்னேன். சொல்லிடறேன். திட்டினா வாங்கிக்கறேன்."

"அவ மனசு உடைஞ்சுட்டா என்னடி பண்ணுவ? ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் இருக்கறப்பவா போய்ச் சொல்லுவ?"

"பொய்ச் சட்டையைப் போட்டுவிட்டு ஆயுசு பூரா அந்தப் புள்ளை முகத்தைப் பார்க்கணுமே"ன்னா. பதினஞ்சு வருஷம் பார்த்தவ நான்.

மறுநாள் குமரனும் வைஷாலியும் ஸ்கூலுக்குப் போனதும், சேதுவைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் கேலாங் போனோம். சிவன் கோயிலுக்குப் பக்கத்து பிளாக்குலதான் இனியாவும் அவ புருஷன் திலீப்பும் இருக்காங்க. சிவா ஒரு பையில சேதுவோட பழைய சட்டை அஞ்சாறு போட்டு எடுத்துக்கிட்டா. கோயில் வாசல்ல நின்னு ஒரு கும்பிடு போட்டா. நான் ரெண்டு போட்டேன், என் தப்பு பழைய தப்பாச்சே.

இனியா வீடு எப்பவும் போல பளிச்சுன்னு இருந்துச்சு. வெள்ளை சோஃபா. மேசை மேல ரிமோட்டைத் தவிர ஒரு துரும்பு கிடையாது. எங்க வைஷாலியை அங்க விட்டா பத்து நிமிஷம் தாங்காது. நான் எத்தனை தடவை சிவாகிட்ட "இனியாவைப் பார்த்துக் கத்துக்கோ"ன்னு சொல்லியிருக்கேன், நினைச்சா என் வாய்லயே போட்டுக்கலாம்.

சிவா உக்காரக்கூட இல்ல. ஸ்டிக்கர், டின், லாரி, கப்பல், எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டா. அவ முடிச்சதும் ஃபேன், சூட்டு, ஸைஃப்னு நான் என் பங்கைச் சொன்னேன். இனியா வயித்து மேல கைய வச்சுக்கிட்டுக் கேட்டா. முகத்துல ஒண்ணும் தெரியல.

எழுந்து போய், டிவிக்குக் கீழ இருந்த இழுப்பறையைத் திறந்து, "இங்க வந்து பாருங்க அண்ணி"ன்னா.

உள்ள லெகோ கட்டை ஏழெட்டு. ஒரு பொம்மைக் கால். பாதி க்ரேயான். சேதுவோட பால் புட்டி மூடி. ஒரு சின்ன நீலக் காலுறை.

"இது குமரனோடது!"ன்னா சிவா.

"உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறப்பல்லாம் என் பைக்குள்ள ஏதாவது ஒண்ணு கிடக்கும். வைஷாலி போட்டிருப்பா, இல்லாட்டி தானா விழுந்திருக்கும். திருப்பிக் குடுக்கணும்னு நினைப்பேன், மனசு வராது." அந்தக் காலுறையைக் கையில எடுத்து நீவி விட்டா. "இந்த வீட்டுல காலையில ஒரு கப்பை வச்சா சாயங்காலம் வரைக்கும் அதே இடத்துல இருக்கும். அது எவ்வளவு கொடுமைன்னு உங்களுக்குத் தெரியாது அண்ணி. நான் அந்தச் சட்டையைக் கேட்டது அண்ணன் காலத்துச் சட்டைன்னு இல்ல. உங்க வீட்டுல இருந்து வர்ற துணின்னுதான். அந்தச் சத்தம், அந்த ரகளை, அதெல்லாம் இங்கேயும் வரணும். அது யாரு சட்டையா இருந்தா என்ன?"

சிவா அவளைக் கட்டிக்கிட்டா. நடுவுல வயிறு இடிச்சுது, பக்கவாட்டுல திரும்பிக் கட்டிக்கிட்டா. நான் சோஃபாவுல உக்காந்து மூக்கைச் சிந்தினேன். இந்தக் கேப்புல சேது அந்த இழுப்பறையை மொத்தமா இழுத்துத் தரையில கவுத்துட்டான்.

பையிலேருந்து ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினதுல, கேரட் கறை படிஞ்ச ஒரு சட்டையை இனியா எடுத்துக்கிட்டா. "இதுல கறை போகாது, வேற எடு"ன்னு சிவா சொன்னதுக்கு, "போக வேண்டாம்"னுட்டா.

வியாழக்கிழமை மத்தியானம் திலீப் ஃபோன் பண்ணினான். "பொண்ணுக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. என்னமா கத்துது தெரியுமா?" ஃபோன்லயே கேட்டுச்சு. என் வயித்துல பால வார்த்துட்டான், மகராசன்.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிவா சட்டையைத் துவைச்சுத் தேய்ச்சுக் கொண்டு வந்திருந்தா. நர்ஸ் குழந்தைக்குப் போட்டுவிடும்போது பார்த்தா, நெஞ்சுல கேரட் கறைக்குப் பக்கத்துல ஒரு பச்சை ஸ்டிக்கர். எப்ப ஒட்டினாளோ அந்த வாலு வைஷாலி! நர்ஸ் அதை உரிக்கப் போனாங்க.

"அது இருக்கட்டும் சிஸ்டர்"னா இனியா.

போன வாரம் இனியா வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழட்டிட்டு ஒரு அடி வச்சேன், உள்ளங்கால்ல சுருக்குனு ஏறிச்சு. குனிஞ்சு பார்த்தா அந்த மூணு சக்கர லாரி. வைஷாலி தங்கச்சிப் பாப்பாவுக்குன்னு குடுத்துவிட்டிருக்கா. உள்ளேருந்து குழந்தை அழற சத்தம், அதுக்கு மேல இனியா குரல்: "பார்த்து வாங்க அண்ணி, வீட்டுல கால் வைக்க இடமில்ல!"

நான் காலைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படியிலேயே உக்காந்து அழுதேன். வலியும் கொஞ்சம் இருந்துச்சு.